மனம் மயிலுக்கு முன்னால் வந்தது எப்படி? ஒரு கம்பேரட்டரின் நிகழ்வு ஆய்வு

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவின் பாத்திரக் கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சிறிய தமிழ் நூலகம் ஒன்று இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். 3,180 நூல்கள். மர இழுப்பறைகளில், அவர் கைப்பட எழுதிய அட்டைகளில், அத்தனையும் அகர வரிசையில் இருக்கின்றன.

நான் வார நாள்களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதனை இயந்திரங்களுக்கு சி++ மொழியில் நிரல் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே பசியாறிவிட்டு மாடிக்குப் போவது பழக்கம். அந்த அட்டைகளைக் கணினியில் ஏற்றி, தேடவும் அச்செடுக்கவும் ஒரு சிறு நிரல் எழுதித் தருவதாக நானாகவே ஒப்புக்கொண்டேன். கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் நான்கு மாதம் உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் தட்டச்சு செய்தார்கள். நிரலும் தயாரானது. அதற்குப் பிறகு நூல் பட்டியல் நான்கு முறை தவறாக வந்தது. நான்கு தவறும் ஒரே இடத்தில் நடந்தவை: இரண்டு பதிவுகளில் எது முன்னால் வரும் என்று சொல்லும் அந்தச் சின்னத் துண்டில். அதைத்தான் இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். சி++ மொழியோடு தயாராக வரும் நிரல் துண்டுகளின் தொகுப்பையும் நூலகம் என்றே சொல்வோம். அதில் பொருள்களை வரிசைப்படுத்தும் எதற்கும், ஒப்பிட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் கம்பேரட்டர் என்கிறோம். அது ஒரு பொருள். ஆனால் செயற்கூற்றைப் (ஃபங்ஷன்) போல அழைக்கலாம். இரண்டு மதிப்புகளைக் கொடுத்தால் ஆம், இல்லை என்று ஒரு பதில் தரும். அலெக்சாண்டர் ஸ்டெபனோவ் முன்னின்று உருவாக்கிய எஸ்டிஎல் என்ற நிரல் நூலகத்தை 1994-ல் சி++ தரக் குழு ஏற்றுக்கொண்டது. 1998-ல் வந்த முதல் தர ஆவணத்திலேயே ‘லெஸ்’, ‘கிரேட்டர்’, ‘லெஸ் ஈக்வல்’ போன்ற ஒப்பீட்டுப் பொருள்கள் இருந்தன. பொருள்களை எப்போதும் வரிசையாகவே வைத்திருக்கும் ‘மேப்’, ‘செட்’ இரண்டுக்கும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அவை ‘லெஸ்’ஸை எடுத்துக்கொள்ளும். ஒரு பட்டியலை அடுக்கித் தரும் ‘சார்ட்’ நேராக < குறியைப் பயன்படுத்தும். எழுத்துச் சரங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

முதல் தவறு: வரிசை என்பது யாருடைய வரிசை?

முதல் அச்சுப் பட்டியலைக் கையில் வாங்கிய டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ‘ம’ பக்கத்தைப் புரட்டி, ஒரு நிமிடம்கூட ஆகாமல் கேட்டார்: “தம்பி, மனம் எப்படி மயிலுக்கு முன்னால வந்துச்சு?”

எனக்கு உடனே புரியவில்லை. நான் எந்தக் கம்பேரட்டரும் எழுதவில்லை. சி++ நூலகத்தின் இயல்பான ஒப்பீட்டை நம்பி விட்டிருந்தேன். அது சரத்தை பைட் பைட்டாக ஒப்பிடும். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பைட் வரிசையும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடின் எண் வரிசையும் ஒன்றே. ஆக, வரிசையைத் தீர்மானித்தது யூனிகோட் அட்டவணை. அந்த அட்டவணையில் ‘ன’வுக்கு எண் 2985, ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன்னால் அதை உட்கார வைத்திருக்கிறார்கள். ‘ற’ எண் 2993; ‘ல’வுக்கு முன்னால். ‘ள’ 2995, ‘ழ’ 2996. நாம் வ, ழ, ள என்று படித்தது அங்கே ள, ழ, வ என்று நிற்கிறது. தொல்காப்பியம் முதல் நூற்பாவிலேயே எழுத்துகளை ‘அகர முதல் னகர இறுவாய்’ என்று சொல்லிவிடுகிறது. ‘ன’தான் கடைசி எழுத்து. டீச்சரின் இழுப்பறைகளும் அப்படித்தான் முடிகின்றன.

அதோடு விடவில்லை. அவர் ‘அ’ பக்கத்துக்கும் போனார். அங்கே ‘அகல்’ முதலிலும் ‘அக்கா’ வெகு தூரம் தள்ளியும் இருந்தன. காரணம் புள்ளி. யூனிகோடில் ‘க்’ என்பது தனி எழுத்தல்ல; ‘க’வும் அதன் பின் 3021 என்ற எண்ணுள்ள புள்ளியும் சேர்ந்தது. அந்த எண் எல்லா உயிர்மெய்க் குறிகளையும்விடப் பெரியது. அதனால் புள்ளி வைத்த எழுத்து எல்லாவற்றுக்கும் பின்னால் தள்ளப்படுகிறது. நம் அகராதிகளில் ‘க்’ முதலில் வரும், ‘க’ அப்புறம். ஆய்தமும் இடம் மாறியிருந்தது: எண் 2947, ‘அ’வின் 2949-க்கும் முன்னால். ‘ஃபிரான்ஸ்’ என்று தொடங்கும் ஒரு பயண நூல் பட்டியலின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

‘லெஸ்’ இதில் எந்தத் தவறும் செய்யவில்லை. எண்ணைப் பார்த்து எண்ணைச் சொன்னது. தமிழ் வரிசை எது என்று அதற்குச் சொல்லித்தர வேண்டியவன் நான்.

சொல்லித்தரும் வழி அழகானது என்று எனக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. தமிழ் எழுத்துகள் 247. உயிர் 12, ஆய்தம் 1, பிறகு ஒவ்வொரு மெய்க்கும் 13 இடம்: புள்ளி வைத்த மெய் முதலில், அதன் பின் 12 உயிர்மெய். 18 மெய்க்கு 234. கூட்டினால் 247. அப்படியே ஒன்றிலிருந்து எண் கொடுத்தேன். அ என்றால் 1, ஃ என்றால் 13, க் 14, க 15, கா 16, கடைசியாக னௌ 247. ‘மயில்’ 132, 147, 170 ஆகிறது. ‘மனம்’ 132, 236, 131. இரண்டாவது எண்ணிலேயே மயில் முந்திவிடுகிறது. ‘அக்கா’ 1, 14 என்று தொடங்கும். ‘அகல்’ 1, 15. சரியாக வந்துவிட்டது. ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளை 247-க்கு அப்புறம் வைத்தேன். டீச்சரின் இழுப்பறையில் ‘ஜன்னல்’ கடைசியில்தான் இருந்தது.

இரண்டாம் தவறு: ஒரு சமக்குறி

எண் வரிசை கிடைத்த மகிழ்ச்சியில் கம்பேரட்டரை எழுதினேன். ஆசிரியர் பெயர்ப்படி அடுக்க வேண்டும். ஒரே ஆசிரியரின் நூல்கள் தட்டச்சு செய்த வரிசையிலேயே இருந்தால் நல்லது என்று நினைத்து, ‘முன்னால் வரும்’ என்ற நிபந்தனையில் < போட வேண்டிய இடத்தில் <= போட்டேன். சமமாக இருந்தால் முதலில் உள்ளது முதலிலேயே இருக்கட்டும் என்ற எண்ணம். படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும். 12 நூல்களை வைத்துச் சோதித்தேன். சரியாக இருந்தது. முழுப் பட்டியலைக் கொடுத்தேன், நிரல் செத்து விழுந்தது.

மறுபடி 12 நூல்கள், சரி. 15 நூல்கள், சரி. முழுப் பட்டியல், விழுந்தது. நினைவகக் கோளாறு என்று நினைத்து இரண்டு இரவு வேறெங்கோ தேடினேன்.

கம்பேரட்டருக்கு சி++ தரம் விதிக்கும் நிபந்தனைக்கு ‘ஸ்ட்ரிக்ட் வீக் ஆர்டரிங்’ என்று பெயர். அதன் முதல் விதி: எந்தப் பொருளும் தனக்குத் தானே முன்னால் வர முடியாது. ஒன்றையே இரண்டு பக்கமும் கொடுத்தால் பதில் ‘இல்லை’ என்றுதான் வர வேண்டும். <= இதை மீறுகிறது. மீறினால் என்ன நடக்கும் என்று தரம் எந்த உறுதியும் தருவதில்லை. என்ன நடந்தது என்பதை நான் ஜிசிசி என்ற சி++ கம்பைலரோடு வரும் நூலகத்தின் மூலத்தைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ‘சார்ட்’, 16 அல்லது அதற்குக் குறைவான பொருள்கள் என்றால் நேரடியாகச் செருகி அடுக்கும் முறையைப் பயன்படுத்துகிறது. அங்கே <= இருந்தாலும் எல்லை தாண்டாது. 16-ஐத் தாண்டினால் ஒரு நடுப் பொருளைத் தேர்ந்தெடுத்து, சிறியவை இந்தப் பக்கம், பெரியவை அந்தப் பக்கம் என்று பிரிக்கும். பிரிக்கும்போது வலது முனையிலிருந்து, இடத்தைக் காட்டும் ஒரு சுட்டி இடது பக்கமாக நகரும். ‘நடுப் பொருள் இதற்கு முன்னால் வருமா?’ என்று கேட்டுக்கொண்டே போகும். ‘இல்லை’ என்ற பதில் வந்ததும் நிற்கும். வரம்பைத் தாண்டிவிட்டோமா என்று அது பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை, கம்பேரட்டர் ஒழுங்காக இருந்தால் வழியில் எங்காவது ஒரு ‘இல்லை’ கட்டாயம் கிடைக்கும். அந்த நம்பிக்கையில்தான் வேகம் கிடைக்கிறது.

என்னிடம் இருந்த பதிவுகளில் நூற்றுக்கணக்கானவற்றுக்கு ஆசிரியர் பெயரே இல்லை. கோயில் திருவிழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், சங்க வெளியீடுகள். அவற்றின் ஆசிரியர் இடம் வெறும் சரம். வெறும் சரம்தான் எல்லாவற்றிலும் சிறியது. அப்படி ஒன்று நடுப் பொருளாக அமைந்தபோது, ‘இதற்கு முன்னால் வருமா?’ என்று யாரைப் பார்த்துக் கேட்டாலும் என் கம்பேரட்டர் ‘ஆம்’ என்றது. பெரியதைப் பார்த்தும் ஆம், தனக்குச் சமமானதைப் பார்த்தும் ஆம். சுட்டி பட்டியலின் முதல் பதிவையும் தாண்டி, நம்முடையதல்லாத நினைவகத்துக்குள் நடந்து போய்விட்டது. சோதனைக்கு வைத்த 12 நூல்களிலும் ஆசிரியர் பெயர் இருந்தது, எண்ணிக்கையும் 16-க்குள். எந்த வழியிலும் அது மாட்டியிருக்காது.

அந்த ஜிசிசி நூலகத்துக்கே டீபக் மோட் என்று பிழை தேடும் முறை ஒன்று உண்டு. அதைப் போட்டுக் கட்டினால், ஒரு பொருளை அதனோடே ஒப்பிட்டுப் பார்த்து, ‘ஆம்’ வந்தால் உடனே நிறுத்தி இன்ன இடத்தில் தவறு என்று சொல்லிவிடும். முதல் நாளே போட்டிருந்தால் இரண்டு இரவு மிச்சம். தட்டச்சு செய்த வரிசை காக்கப்பட வேண்டும் என்ற என் ஆசைக்கு விடை ‘ஸ்டேபிள் சார்ட்’. அது சமமானவற்றின் பழைய வரிசையைக் கலைக்காது. கம்பேரட்டரில் சமக்குறியைப் போட்டு அதைச் சாதிக்க முடியாது.

மூன்றாம் தவறு: காணாமல் போன நூல்கள்

<= போய் < வந்தது. நிரல் விழவில்லை. ஆனால் அலமாரி வாரியான பட்டியலுக்கு நான் பதிவுகளை ஒரு ‘செட்’டில் போட்டிருந்தேன், அதே ஆசிரியர் கம்பேரட்டரோடு. 3,180 உள்ளே போனது. வெளியே வந்தது 1,042.

இந்த முறை எந்தச் சத்தமும் இல்லை. பிழைச் செய்தி இல்லை, நிரல் விழவும் இல்லை. தட்டச்சு செய்த மாணவர்களில் ஒருவர்தான் கண்டுபிடித்தார். “அண்ணே, நான் அடிச்ச மலர் ஒண்ணுகூட இதுல இல்லையே.” பார்த்தேன். ஆசிரியர் பெயர் இல்லாத அத்தனை மலர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு மலர் பட்டியலில் இருந்தது. ஓர் ஆசிரியருக்கு ஒரு நூல்.

இங்கேதான் இந்த விஷயத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘செட்’ இரண்டு பொருள்கள் ஒன்றா என்று == வைத்துப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்த ஒரே கேள்வி ‘இது அதற்கு முன்னால் வருமா?’ என்பதுதான். அதை இரண்டு பக்கமும் கேட்கும். இது அதற்கு முன்னால் இல்லை, அதுவும் இதற்கு முன்னால் இல்லை என்றால், இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டி இரண்டாவதைச் சேர்க்காமல் விட்டுவிடும். நான் எழுதியது அடுக்குவதற்கு மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘ஒன்று’ என்றால் என்ன என்பதையும் அதே வரியில் நான் வரையறுத்திருக்கிறேன். ஆசிரியர் பெயரை மட்டும் ஒப்பிட்டால், அந்த ஆசிரியரின் எல்லா நூல்களும் ஒரே நூல் என்று எழுதிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

‘செட்’டிடம் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் 2,138 நூல்கள் சத்தமில்லாமல் போனதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்த அச்சுப் பட்டியலை நம்பி அட்டைகளைத் தூக்கிப் போட்டிருந்தால்?

திருத்தம் எளிது. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, கடைசியாக நூலகப் பதிவு எண். நான்கையும் ஒரு ‘டியூப்ள்’ ஆகக் கட்டி < வைத்து ஒப்பிட்டால், முதலாவது சமமானால் இரண்டாவது, அதுவும் சமமானால் மூன்றாவது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். பதிவு எண் ஒவ்வொரு பிரதிக்கும் வேறு என்பதால் எந்த இரண்டு பதிவும் ஒன்றாக முடியாது.

நான்காம் தவறு: வட்டம்

மலர்களை ஆண்டு வாரியாகக் கேட்டார் டீச்சர். சில மலர்களில் ஆண்டு அச்சிடப்படவே இல்லை. அதனால் இப்படி எழுதினேன்: இரண்டிலும் ஆண்டு இருந்தால் ஆண்டைப் பார், ஒன்றில் இல்லாவிட்டால் தலைப்பைப் பார். இதுவும் படிக்க நியாயமாகத்தான் இருக்கும்.

விழவில்லை, எதுவும் காணாமல் போகவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக இரண்டு மலர் சேர்த்து அச்செடுத்தால், பழைய மலர்கள் இடம் மாறி மாறி வந்தன. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். ‘வெற்றி மலர்’ 1978. ‘அன்பு மலர்’ 1985. ‘மணி மலர்’, ஆண்டு இல்லை. ஆண்டுப்படி வெற்றி, அன்புக்கு முன்னால். தலைப்புப்படி அன்பு, மணிக்கு முன்னால். அதே தலைப்புப்படி மணி, வெற்றிக்கு முன்னால். வெற்றி, அன்பு, மணி, மறுபடி வெற்றி. மூன்று பேர் ஒருவர் முதுகை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்கிறார்கள். இதில் முதல் ஆள் யார் என்று எந்த அடுக்கும் முறையாலும் சொல்ல முடியாது. எந்த வரிசையில் உள்ளே கொடுத்தோமோ அதைப் பொறுத்து ஏதோ ஒன்று வெளியே வரும்.

இதை டீபக் மோட் பிடிக்காது. ஒவ்வொரு பொருளும் தன்னோடு ஒழுங்காகவே நடந்துகொள்கிறது. மூன்று சேரும்போதுதான் சிக்கல். அதனால் ஒரு சோதனை எழுதினேன். 200 பதிவுகளை எடுத்து, அவற்றிலிருந்து சாத்தியமான எல்லா மும்மைகளையும், அதாவது 8 மில்லியன், கம்பேரட்டரிடம் கொடுத்துக் கேட்பது: முதலாவது இரண்டாவதற்கு முன்னால், இரண்டாவது மூன்றாவதற்கு முன்னால் என்றால், முதலாவது மூன்றாவதற்கு முன்னால் என்கிறாயா? சமம் என்று சொல்பவையும் அப்படியே தொடர்கின்றனவா? கணினிக்கு அது பெரிய வேலை இல்லை. நிரலை ஓட விட்டுக் கீழே போய் ஒரு தே தாரே தேநீர் வாங்கி வருவதற்குள் முடிந்து, வட்டங்கள் பட்டியலாக வந்து நின்றன.

ஆண்டு இல்லாதவற்றை ஒரு தனிக் கூட்டமாக ஆண்டுள்ளவற்றுக்குப் பின்னால் வைத்தேன். இப்போது எல்லாப் பதிவுக்கும் ஒரே விதி. எந்த இணையைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விதி மாறுவதில்லை. தசம எண்களில் ‘எண் அல்ல’ என்று குறிக்கும் ‘நான்’ (NaN) மதிப்பும் இதே வகைத் தொல்லைதான். அதை < வைத்து எதோடு ஒப்பிட்டாலும் ‘இல்லை’ என்றே வரும். அதனால் அது 1-க்கும் சமம், 5-க்கும் சமம் என்று ஆகிவிடும். ஆனால் 1, 5-க்குச் சமமில்லை. என் அலுவலக வேலையில் அளவீட்டு எண்களை அடுக்கும் இடங்களையெல்லாம் இந்த வாரம் மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இருப்பது

கம்பேரட்டருக்குள் இப்போது புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. பதிவு உள்ளே வரும்போதே தலைப்பும் ஆசிரியர் பெயரும் அந்த எண் வரிசையாக மாற்றப்பட்டுக் கூடவே சேமிக்கப்படுகின்றன. மாற்றுவதற்கு முன் யூனிகோட் வடிவம் சீராக்கப்படுகிறது; ‘கொ’வின் கொம்பை ஒரே குறியாக 3018 என்று அடித்தவரும் உண்டு, 3014, 3006 என்று இரண்டாக அடித்தவரும் உண்டு, திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பெயருக்கு முன்னால் உள்ள தலைப்பெழுத்துகளை விட்டுவிட்டுத்தான் எண் போடுகிறோம். மலாய், ஆங்கிலத் தலைப்புகள் எல்லாத் தமிழ்த் தலைப்புகளுக்கும் பின்னால். அதற்கப்புறம் எண்ணை எண்ணோடு ஒப்பிடுவது, பழைய ‘லெஸ்’ செய்கிற அதே வேலை. தேடலுக்கு மட்டும் சி++14-ல் வந்த, வகை குறிப்பிடாத ‘லெஸ்’ஸைப் பயன்படுத்துகிறேன், தேடும் சொல்லை ஒவ்வொரு முறையும் புதிய சரமாக நகலெடுக்காமல் ‘மேப்’பில் அப்படியே தேட அது இடம் தருகிறது.

சோதனைக் கோப்பில் ஆசிரியர் பெயரில்லாத மலர்கள் 40 இருக்கின்றன. 16-க்குக் கீழே எந்தச் சோதனையும் இல்லை.

கடைசிச் சோதனை டீச்சருடையது. அச்சுப் பட்டியலை மேசையில் விரித்து, இழுப்பறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அட்டையும் வரியுமாக நாங்கள் மூன்று பேர் இரண்டு ஞாயிறு ஒப்பிட்டோம். ஆறு இடத்தில் வேறுபட்டது. நான்கு தட்டச்சுப் பிழை. ‘ல’வும் ‘ள’வும் மாறியவை. மற்ற இரண்டு இடத்தில் டீச்சர் அட்டையைக் கையில் எடுத்து, பட்டியலைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அந்த இரண்டு அட்டைகளையும் உருவி, நான்கு அட்டை தள்ளிச் செருகி, இழுப்பறையை மூடினார்.